கார்பன் கதிரும் இடது கண்ணும்

ஸ்கேன் முடிவைச் சொன்ன அன்று அறையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், நான் இருந்தேன். அக்கா இல்லை. அவர் கர்ப்பமாக இருந்தார். என் பக்கத்தில் வரக் கூடாதென்று அம்மா கிள்ளான் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்.

சில மாதங்களாக எனக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே பஸ் இரண்டாக வரும். மருத்துவர் கோர்டோமா என்றார் (மண்டையோட்டின் அடி எலும்பில் மெதுவாக வளரும் கட்டி). இடது கண்ணின் பார்வை நரம்பை ஒட்டியிருந்தது. அறுவையில் முழுவதும் எடுக்க முடியவில்லை.

அம்மாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது.

"அணு அணுன்னு படிச்சான், அதான் புடிச்சிக்கிச்சு."

பல்கலைக்கழகத்தில் நான் பார்த்ததெல்லாம் எண்கள்தாம். கார்பன் அணு தண்ணீரில் மோதினால் எப்படி உடையும், துண்டுகள் எவ்வளவு தூரம் போகும் என்கிற எண்கள். விண்வெளிக்குப் போகிறவர்களைக் கதிரிலிருந்து காக்கவும் அவை வேண்டும். அதனால் உடம்பில் ஒன்றுமே தங்காது என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனாலும் என் தாள்கட்டை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. அப்பாவின் லோரியில் படுதாவுக்கு அடியில் கிடந்தது.

மிச்சக் கட்டிக்கு ஜப்பானில் கார்பன் அயனிக் கதிர் (மின்னேற்றம் பெற்ற கார்பன் அணுக்களின் கற்றை) கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று சொல்லி மருத்துவர் அங்கே எழுதிக் கேட்டார். இடம் கிடைத்தது. அப்பா லோரியை விற்றுவிட்டுக் கூட வந்தார்.

அங்கே என்னையே முடிவு செய்யச் சொன்னார்கள். கார்பன் குறித்த ஆழத்தில் நின்றுவிடும்; உடைந்த துண்டுகள் கொஞ்சம் தாண்டிப் போகும். கட்டி முழுவதையும் பிடித்தால் நரம்பிலும் கதிர் விழும், இடது கண் போகலாம். நரம்பை விட்டு ஒதுங்கினால் கட்டியின் ஓரம் தப்பி மறுபடி வளரலாம். அந்தத் துண்டுகளின் அளவீடு ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒத்துப்போகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, படுக்கப் போகிறவன் நான்.

"ஒரு கண்ணு போனா லோரி லைசன்ஸ் தரமாட்டான் லா," என்றார் அப்பா.

"நான் லோரி ஓட்டப் போறதில்லப்பா."

"அப்ப முழுசா அடிக்கச் சொல்லு."

அப்படியே சொன்னேன். வலி இல்லை. முதல் நாள் முடிந்ததும் ஓர் ஆய்வாளர் முகத்தருகே கருவி வைத்துப் பார்த்தார். கதிர் பட்ட இடத்தில் சில அணுக்கள் கொஞ்ச நிமிடங்களுக்கு லேசாகக் கதிர் வீசுமாம். உடம்பில் ஒன்றுமே தங்காது என்று அம்மாவிடம் அத்தனை முறை சொன்னவன் நான். போனில் உள்ளதைச் சொன்னேன்.

"நான் சொன்னேன்ல?"

"கொஞ்ச நிமிஷந்தாம்மா. அப்புறம் இல்ல."

"அப்படி மொதல்லயே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். ஒன்னுமே இல்லன்னா யாருடா நம்புவா?"

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் கதிர் சிகிச்சை நடக்கலாம். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு, எத்தனை நேரம் என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கட்டி வளரவில்லை. நரம்பின் பாதிப்பு தாமதமாகத்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் சிகிச்சை முடிந்த நாள் என்று ஒன்றை என்னால் காட்ட முடிவதில்லை. காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்ப்பேன். முதலில் ராகுகாலம் மங்கியது. பிறகு கிழமை. போன வருடம் பெரிய தேதியும்.

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு ஒரு லோரி, ஒரு கண்.