வடக்குச் சுவரில் ஒரு வெள்ளைக் குழாய்

எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கும் தெல்மா சக்டன், இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகர மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவர். நோயாளிகளின் விரிப்புகளில் இருக்கும் அத்தனை அசிங்கத்தையும் கையால் பிரித்துப் போட்டவர். "அதப் பாத்து ஒருநாளும் எனக்குக் குமட்டினதில்ல. சீக்காளி என்ன பண்ணுவான், பாவம். எனக்குக் குமட்டுறதெல்லாம் கடுதாசியப் பாத்துத்தான்" என்பார்.

அவர் சொல்லும் கடுதாசி எங்கள் வீட்டு நிறுவனம் அனுப்புவது. இந்த மேட்டுத் தெருவின் நாற்பது வீடும் அதற்குச் சொந்தம்; நாங்கள் வாடகைக்காரர்கள். மூன்று கோடைக்கு முன் எல்லா வீட்டிலும் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரைக் கழற்றிப் புதியது மாட்டினார்கள். புதிய பாய்லர் வேலை செய்யும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கழிக்கும். அந்தத் தண்ணீர் அடுப்பங்கரைத் தொட்டியின் வடிகாலில் போய் விழ வேண்டும். அப்படி வைக்க அலமாரிகளைக் கழற்ற வேண்டும். நிறுவனம் அனுப்பிய ஆட்கள் கழற்றவில்லை. சுவரில் ஓட்டை போட்டு, கட்டைவிரல் தடிமனில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை வெளியே தள்ளி, வெயிலே படாத வடக்குச் சுவரோரமாக, சரிவுகூட இல்லாமல், எட்டடி தூரம் இழுத்துவிட்டுப் போனார்கள். கடுங்குளிரில் அந்தச் சொட்டுகள் குழாய்க்குள்ளேயே உறையும். தண்ணீர் பின்னுக்கு ஏறும். பாய்லர் தொண்டையில் சளி கட்டியதுபோல் களகளவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். வீடு குளிர்ந்து போகும்.

முதல் குளிர்காலத்திலேயே தெல்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சலவைக்கூடத்துக் குழாய்களுக்குப் போர்த்துவதுபோல் தண்ணீர் புகாத நுரை உறை வாங்கி, இணைப்புகளில் நாடா சுற்றி, தன் வீட்டுக் குழாய்க்குப் போட்டார். பிறகு அக்கம்பக்கத்துப் பதினோரு வீட்டுக்கும் போட்டார். அந்தப் பதினோரு வீட்டிலும் இரண்டு குளிர்காலம் பாய்லர் நிற்கவில்லை.

இந்த நவம்பரில் நிறுவனத்திலிருந்து கடுதாசி வந்தது. அனுமதியில்லாத உறைகளை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாய்லரின் உத்தரவாதம் செல்லாது என்றிருந்தது. கூடவே வண்ணத் தாளில் ஓர் அறிவுரை: சிரிக்கும் பனிமனிதன் படம்; கீழே, குழாய் உறையாமல் பார்த்துக்கொள்வது குடியிருப்பவரின் பொறுப்பு, பழைய கம்பளித் துணியைச் சுற்றி வைக்கவும். வெளியே மழையிலும் பனியிலும் நனையும் குழாய்க்குக் கம்பளித் துணியாம். இதை எழுதியவர் வாழ்நாளில் ஒரு ஈரத்துணியைக் கையால் தொட்டிருக்க மாட்டார்.

எங்கள் ஊர்க்காரர்கள் கடுதாசிக்குக் கட்டுப்படுவார்கள். பதினோரு வீட்டிலும் உறையைக் கழற்றினார்கள், தெல்மா மட்டும் கழற்றவில்லை. அடுத்த வீட்டு கிளிஃபர்ட் ஹேக் உறையைக் கழற்றி, மடித்து, "பத்திரமா வெச்சுக்கோ" என்று அவரிடமே கொண்டுவந்து கொடுத்தார். பிறகு தன் கழுத்துத் துணியை எடுத்துக் குழாயில் சுற்றினார். கிளிஃபர்டுக்கு எழுபத்தொன்பது வயது. கல்குவாரித் தூசி தின்ற நுரையீரல். வீட்டில் சூடு இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு ஓடாது என்று மருத்துவர் எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

ஜனவரியில் நாலு நாள் விடாத குளிர். வியாழக்கிழமை காலை குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போன தெல்மா தெருவைப் பார்த்தார். அவரவர் தங்கள் குழாயை எப்படியோ உருக்கியிருந்தார்கள்; எல்லாச் சுவரிலும் பாய்லர் புகைவாயில் வெள்ளை ஆவி வந்துகொண்டிருந்தது. கிளிஃபர்ட் வீட்டுச் சுவரில் இல்லை.

கதவைத் தட்டாமல் உள்ளே போனார். கிளிஃபர்ட் மேலங்கி, தொப்பி, கையுறையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது.

"எப்ப நின்னுச்சு?"

"செவ்வாக்கிழம. பெருசா ஒண்ணுமில்ல, கண்ணு."

"செவ்வாக்கிழமையா? நடுவுல ஒரே சுவரு. ஒரு தட்டு தட்டக் கூடாதா?"

"ஃபோன் பண்ணேன். வரிசையில பதினேழாவது ஆளுன்னுச்சு மெஷின். கொழந்த குட்டி இருக்கிறவங்க எத்தன பேரோ... எதுக்குத் தொந்தரவுன்னு வெச்சுட்டேன்."

"செத்தாலும் தொந்தரவு பண்ணிட்டேன்னு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் சாவே நீ."

வெளியே கழுத்துத் துணி நனைந்து, உறைந்து, பலகையாகக் குழாயைக் கவ்விக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மேவிஸ் கொதிக்கக் கொதிக்கக் கெட்டிலோடு ஓடி வந்தார். இங்கே எல்லோருக்கும் எல்லா வியாதிக்கும் கெட்டில்தான் மருந்து.

"அத ஊத்துனா குழா வெடிச்சுடும். போய் டீ போட்டு அந்த மனுசனுக்குக் குடு" என்றார் தெல்மா.

வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றித் துணியைப் பிரித்தார். கால்மணி நேரத்தில் பனிக்கட்டி உருகியது, பாய்லர் எரிந்தது. மதியம் மறுபடி நின்றது. சரிவில்லாத குழாயில் தண்ணீர் தேங்கி உறையத்தான் செய்யும். இன்னொரு தடவை தண்ணீர் ஊற்ற தெல்மாவுக்கு மனமில்லை. ரம்பத்தை எடுத்து வந்தார். பாய்லருக்கு அடியிலேயே, வீட்டுக்குள், குழாயைக் குறுக்கே அறுத்தார். கீழே ஒரு வாளியை வைத்தார். பாய்லர் எரிந்தது. இந்த முறை நிற்கவில்லை.

மறுநாள் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஜூலியன் ஃபெதர்ஸ்டோன் வந்தார். மேவிஸ் ஃபோனில் சொல்லியிருந்தார்: நிறுவனத்தின் குழாயை ஒரு பெண் அறுத்துவிட்டாள் என்று. சூடில்லை என்றால் வரிசையில் பதினேழாவது. குழாயை அறுத்தார்கள் என்றால் மறுநாளே ஆள்.

அவர் வாளியைப் படம் எடுத்தார். அறுத்த வாயைப் படம் எடுத்தார். கிளிஃபர்டை எடுக்கவில்லை.

"மிஸஸ் சக்டன், இது நிறுவனச் சொத்து. காஸ் வேலைக்கு லைசென்ஸ் வேணும், தெரியுமில்ல?"

"இது காஸ் குழாயில்ல. பாய்லர் ஒண்ணுக்குப் போற குழா. அதுக்கு லைசென்ஸ் கேட்டா நாங்கெல்லாம் எங்க போறது?"

"உங்களுக்கு நோட்டீஸ் வரும். மிஸ்டர் ஹேக், இவங்க உங்க சம்மதம் இல்லாம வெட்டுனாங்கன்னு இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. உங்களுக்கு ஒரு பிரச்சனையும் வராது."

கிளிஃபர்ட் காகிதத்தை வாங்கினார். கண்ணாடி மாட்டி முழுக்கப் படித்தார். அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிறவர். தெல்மா சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க, தொந்தரவு குடுக்கிறேன்" என்றார் கிளிஃபர்ட், மூச்சு வாங்க. "நாந்தான் வெட்டச் சொன்னேன். அப்படியே எழுதிக்கங்க. பக்கத்துல டாக்டர் கடுதாசி இருக்கு, அதையும் ஒரு படம் எடுத்துக்கங்க."

அவர் வெட்டச் சொல்லவே இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். ஃபெதர்ஸ்டோன் மருத்துவர் கடிதத்தைப் படித்தார். முகம் மாறியது. இரக்கத்தால் அல்ல, ஒரு வழக்கறிஞர் கையில் அது எப்படி இருக்கும் என்று நினைத்ததால். வாசலுக்குப் போய் ஃபோனில் பேசினார்.

மதியம் ஒரு ஆள் வந்தான். ஓர் அலமாரியைக் கழற்றினான். ஒரு முழம் குழாய், இரண்டு வளைவு. தொட்டியின் வடிகாலில் சேர்த்தான். தெல்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது நிமிடம். ஒரு கிழவனை மூன்று நாள் நடுங்கவைத்து இவர்கள் மிச்சம் பிடித்த நேரம் அவ்வளவுதான்.

"மத்த முப்பத்தொம்பது வீடு?" என்று கேட்டார்.

"எங்கிட்ட இந்த ஒரு நம்பருக்குத்தான் சீட்டு குடுத்திருக்காங்க, மேடம்."

கிளிஃபர்ட் அவனுக்குப் பிஸ்கட் தட்டை நீட்டி, ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெல்மா ரம்பத்தை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து மேவிஸின் கதவைத் தட்டினார்.

"என்னப் போட்டுக் குடுத்தவளே, உன் வீட்டுல வாளி இருக்கா?"

மேவிஸ் அவர் கையிலிருந்த ரம்பத்தைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு இருக்கு" என்றார்.