டன்வெல்லின் ஒரு பந்தி

செவ்வாய் காலை சிவமலர் அக்காவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள். "திரும்பவும் ஆவணக் காப்பகத்துக்கோ?" என்று கேட்டுவிட்டேன். அந்த அளவுக்கு அக்கா என்னைச் சலிக்க வைத்திருந்தார். அவள் விம்மிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

என் சிறு பதிப்பகத்துக்கு அக்கா எழுதியது ஒரே புத்தகம். அதற்கு ஆறு வருடம் எடுத்தார். இங்கே மார்க்கம் நகரில் அவர் குடியிருந்த தெருவின் பெயர் டன்வெல். யார் அந்த டன்வெல் என்று தேடத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவேயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வெறுங்கையோடு கப்பலில் வந்து, காடு வெட்டிக் கோதுமை விதைத்து, கடைசியில் மாகாண சட்டசபை உறுப்பினரான விவசாயி அவர். அச்சுக்குப் போகவிருந்த பக்கங்களை அக்கா நான்கு தடவை திருப்பி வாங்கினார். "பொறும் தம்பி, அந்தாள் முதல் வாங்கினது பசுவோ எருதோ எண்டதிலை எனக்கொரு சந்தேகம்" என்பார். இந்த அஞ்சலியை வாசிக்கும், அக்காவை அறிந்த உங்களுக்கு நான் பட்டபாடு தெரியும்.

பெரிய சண்டை புத்தகத்தின் ஒரு பந்தியால், நாலைந்து வரியால் வந்தது. கப்பலில் வந்திறங்கும் ஏழைகளுக்கு இனி இங்கே இடமில்லை என்று டன்வெல் சட்டசபையில் பேசியிருந்தார். வெளியீட்டு விழாவுக்கு அவருடைய கொள்ளுப்பேரன் வருவதாக இருந்தது. அந்தப் பேச்சைச் சொல்லும் பந்தியை எடுத்துவிடலாம் என்றேன்.

"அப்ப மிச்சத்தையும் எடும்" என்றார் அக்கா.

விழாவில் அதையே ஆங்கிலத்திலும் வாசித்தார். கொள்ளுப்பேரனான அந்த முதியவர் எழுந்து போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது காருக்குள் நான் வெடித்தேன். "ஒரு பந்தி அக்கா! விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

"உம்மடை வீட்டுக்குக் கீழை பேஸ்மென்ரிலை வாடகைக்கு இருக்கிற, படிக்க வந்த பொடியளைப் பற்றிப் போன கிழமை என்ன சொன்னனீர்?"

இனி வாறவங்களை நிப்பாட்ட வேணும் என்று சொல்லியிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஓர் அறைக்குள் எட்டு அகதிகளில் ஒருவனாகப் படுத்தவன் நான். எனக்குக் கோபம்தான் வந்தது. இறங்கும்போது அக்கா சொன்னார்: "டன்வெல்லும் கூடாத ஆளில்லை, தம்பி. தான் வந்த விதத்தை மறந்து போனார், அவ்வளவுதான்."

மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு நானே அழைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே பதினெட்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை என்றார்.

இப்போது கலியாண வீடுகளில் யாராவது "இனி வாறவங்கள்" என்று தொடங்கினால் என்னால் தலையாட்ட முடிவதில்லை. "நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை.