ஐந்தெழுத்தில் இருபது வார்த்தை

ஆம்பூரில் ஒரு மிஷன் வைத்தியசாலையில் நான் புட்டி கழுவிக்கொண்டிருந்த காலம் அது. புட்டி கழுவுகிறவளுக்குக் கம்பவுண்டர் ஆசை வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. எனக்கு வந்தது. வேலூரில் பெண்களுக்கு மருந்து கலக்கும் படிப்பு ஆரம்பிக்கப் போகிறார்கள், எங்கள் வைத்தியசாலையிலிருந்து ஒருத்தியை அனுப்பலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டிக்கு நாங்கள் மூன்று பேர். டாக்டரம்மா வெள்ளைக்காரி; மனப்பாடம் என்றாலே அவருக்கு ஆகாது. ஐந்தாம் வாசகப் புத்தகத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார். ஆகவே புது விதமாக ஒரு பரீட்சை வைத்தார். இங்கிலீஷில் ஐந்தே எழுத்துள்ள வார்த்தைகள் இருபது எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏ என்ற எழுத்தும் இ என்ற எழுத்தும் இருக்க வேண்டும். பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுத வேண்டும். புத்தகத்தைத் தொடக்கூடாது. மூன்று நாள் தவணை.

முதல் நாளே பத்து வந்துவிட்டது. வேதாகமத்தின் புண்ணியத்தில் பூமி, இருதயம், மரணம், சமாதானம், கிருபை, தேவதூதன் எல்லாம் ஐந்தெழுத்தில் வந்து நின்றன. அப்புறம் தண்ணீர், ரொட்டி, மேசை, தட்டு. இரண்டாம் நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு இன்னும் நான்கு சேர்த்தேன். அதோடு சரி. பதினான்கில் வண்டி நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தோல் பதனிடும் டேனரியில் தோல் சீவுகிற வேலை அவருக்கு. கல்யாணமான புதிதிலேயே நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். வேலை முடிந்து வந்தால் கொல்லையில் குளிக்க வேண்டும். டேனரி ஷெட்டுப் பேச்சையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். எட்டாவது வரை படித்தவள் நான். அந்தக் கொச்சைப் பேச்சு என் வீட்டில் எதற்கு என்று எனக்கு அப்படி ஒரு திமிர். வைத்தியசாலையிலோ அவருக்குக் கம்பெனியில் எழுத்து வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். அவருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் களி கிண்டியது அடிப்பிடித்துவிட்டது. அவர் அதையே சாப்பிட்டார். பிறகு, என்ன தேடுகிறாய் என்று கேட்டார். எரிச்சலோடு சொன்னேன்.

"கிரேடுன்றது இன்னா பாஷை?" என்றார்.

ஷெட்டுப் பேச்சு என்று வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். விரலை மடக்கி எண்ணினேன். ஜி, ஆர், ஏ, டி, இ. ஐந்து எழுத்து. ஏ இருந்தது, இ இருந்தது.

"இன்னும் சொல்லுங்க" என்றேன். என் சட்டத்தை நானே உடைத்தேன்.

அவர் ஷெட்டில் நடப்பதைப் போலவே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஷேவ் பண்ணுவது, வெயில் படாமல் ஷேடில் காயப்போடுவது, எடை பார்க்க ஸ்கேலில் ஏற்றுவது, வேஸ்ட்டை ஒதுக்குவது, மூட்டைமேல் டிரேடு மார்க் போடுவது. இவற்றில் பாதி நான் வாசகத்தில் படித்த வார்த்தைகள்தான். அவர் வாயிலிருந்து வந்ததால் நான் ஒரு நாளும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உற்சாகத்தில் ஜாஸ்தியையும் கம்மியையும்கூட அவர் சேர்த்தார். அவை இங்கிலீஷ் இல்லை என்றதற்கு, டேனரி துரையே ஜாஸ்தி என்றுதானே சொல்கிறார் என்று வாதாடினார். அந்த இரண்டையும், எழுத்துக் கணக்குக்கு ஒத்துவராத மற்றதையும் தள்ளிவிட்டு எண்ணினால், கிரேடோடு சேர்த்து ஆறு. இருபது ஆகிவிட்டது.

மறுநாள் டாக்டரம்மா என் தாளைப் படித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார். ஷேவ் என்பதற்கு, தோலின் உட்புறத்தைச் சீவிக் கனத்தை ஒரே சீராக்குவது என்று எழுதியிருந்தேன். அது முகத்துக்குச் செய்வதல்லவா, இதை யார் சொன்னது என்றார். மற்ற இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். தெரிந்த ஒரு கிடங்கு மேஸ்திரி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முந்தின நாள் மாலை ஒவ்வொரு வார்த்தையாக எனக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரின் முகம் வந்து நின்றது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"என் வீட்டுக்காரர் சொன்னாருங்க. எழுத்து வேலைன்னு நான் சொன்னது பொய். அவர் தோல் சீவுறவரு. புத்தகம் பார்க்கக்கூடாதுன்னுதான் சொன்னீங்க, மனுஷரைக் கேக்கக்கூடாதுன்னு சொல்லலை."

சொல்லி முடித்ததும் வேலையே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. எப்படிச் சீவுவார்கள் என்று கேட்டார். இரண்டு கையாலும் கத்தி பிடிப்பதையும், சீவிய இடத்தை விரலிடுக்கில் வைத்துக் கனம் பார்ப்பதையும் காட்டினேன்.

"மற்றப் பதினான்கு மாதிரி வார்த்தைகளை எல்லாரும் எழுதினார்கள். இந்த ஆறும் நீ ஜீவிக்கிற இடத்திலிருந்து வந்தது. பொய்யை மட்டும் வேலூருக்கு எடுத்துக்கொண்டு போகாதே" என்றார். அன்று மத்தியானமே, என்னை அனுப்புவதாக வேலூருக்குக் கடிதம் எழுதினார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் குளிக்கக்கூடப் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை செல்லுபடியாயிற்று என்று கேட்டார். ஆறும் செல்லும், எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்றேன்.

"அப்போ இத்தினி வருஷமா நான் இங்கிலீஷுதான் பேசினு இருந்தேனா? நீ ஏன் சொல்லலை?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நான்தான் விடவில்லை என்றேன்.

"சரி வுடு. வேலூர்ல போயி நல்லா கத்துக்கினு வா. வந்து சொல்லு, அதுல எனக்கு எத்தினி தெரியும்னு பாக்கலாம்."