முகாமையாளர் கழுவிய கோப்பை

நீங்கள் குடித்து வைத்த கோப்பையை உங்கள் முகாமையாளர் கழுவினால், நீங்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டு வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

2006இல், மகளுக்கு ஒன்பது மாதமானபோது, லண்டனில் ஒரு சிறிய ஸ்வீடன் நிறுவனத்தில் இன்வாய்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் ப்ரொபேஷன். வேலை நிரந்தரமாகுமா என்ற பயத்தில் நித்திரையே வராது.

அங்கே மூன்று மணிக்கு எல்லோரும் சேர்ந்திருந்து காப்பி குடிப்பார்கள். கோப்பை கழுவ ஆளுக்கொரு நாள் முறை. வியாழக்கிழமை முகாமையாளர் இங்ரிட்டின் முறை. அவரைக் கழுவவிட்டு நான் இருப்பதா? என் காப்பியை அவசரமாக விழுங்கிவிட்டு, எல்லா நாளும் எல்லோருடைய கோப்பையையும் நானே கழுவினேன்.

கணக்குப் பிரிவு ரவி அண்ணை யாழ்ப்பாணத்தவர். ஒருநாள் நான் கழுவிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, கோப்பை மினுங்கினா வேலை பெர்மனன்ட் ஆகுமெண்டு ஆர் சொன்னது?"

"பேசாமல் இருங்கோ அண்ணை. மேடம் பாக்கிறா."

"ஓம், பாக்கிறா. உம்மட முதுகைத்தான்."

ப்ரொபேஷன் முடியும் வாரம் இங்ரிட் கூப்பிட்டார்.

"உங்கள் வேலையில் பிழையில்லை. ஆனால் காப்பி நேரத்தில்தான் நாங்கள் பேசி முடிவெடுக்கிறோம். அங்கே உங்கள் குரல் கேட்கவில்லை. குழாய்ச் சத்தம்தான் கேட்டது."

"நீங்கள் கழுவுவதை எப்படி மேடம் பார்த்துக்கொண்டிருப்பது?"

அவர் சிரித்துவிட்டார். "எங்கள் நாட்டை நாங்கள் ஸ்வெரியே என்போம். ஸ்வியர் என்ற எங்கள் முன்னோரின் அரசு என்று அர்த்தம். இன்றும் எங்களுக்கு ராஜா உண்டு. ஆனால் எல்லோரும் சமம் என்பதுதான் வெளியே எங்களுக்குள்ள பெயர். என் முறையையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் அந்தப் பெயர் என்னாவது? நாளை வியாழன். இருந்து பேசுங்கள். பிறகு முடிவு சொல்கிறேன்."

மறுநாள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு இன்வாய்ஸ் போவதை நிறுத்த ஒரு வழி சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். இங்ரிட்டும் என் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

ரவி அண்ணை காதுக்குள் சொன்னார்: "இப்ப நாங்கள் ஆரின்ட முதுகைப் பாக்கிறம்?"

வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமானது.

பணிவு என்று நினைத்து மற்றவரின் முறையைப் பறிக்கக்கூடாது என்று படித்துக்கொண்டேன். ஆனாலும் வியாழன் வந்தால் இருப்புக்கொள்வதில்லை. அவர் கழுவியதைத் துடைத்து வைக்கவாவது எழும்பலாமா? அல்லது அதுவும் அவருடைய முறைதானா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.