சிவப்பு வயரும் வெள்ளை வயரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையன் இல்லை, உபகரணங்களோடு கூடிய மடையன். மொன்ட்ரியாலில், வில்லரேப் பக்கம், எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் மூன்று கமெரா, இரண்டு கொம்பியூட்டர், ஒரு பழைய வீடியோ டெக் வைத்திருக்கிறேன். இந்த நகரத்துத் தமிழர்களின் கலியாணங்களும் சாமத்திய வீடுகளும் இருபது வருடமாக என் கையால்தான் கெட்டுப்போகின்றன. பொம்பிளையின் தலையில் ரோசாப்பூ விழும். ஒரு இதயம் விரிந்து அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை வருவார். எல்லாவற்றுக்கும் மேலே சினிமாப் பாட்டு ஓடும். மண்டபத்தில் ஆர் என்ன கதைத்தார்கள் என்று ஒன்றும் கேட்காது. கேட்டால் பாதிக் குடும்பம் பிரிந்துவிடும்.

அதனால் பழைய வீடியோ நாடாக்களைக் கொம்பியூட்டருக்கு மாற்றும்போது மஞ்சள் வயரை மட்டும் செருகுவேன். மஞ்சள் படத்துக்கு. ஒலிக்குரிய சிவப்பும் வெள்ளையும் டெக்கின் பின்னால் சும்மா தொங்கும். எப்படியும் பாட்டுப் போடத்தானே போகிறோம்.

போன மாசியில் ஒரு பிள்ளை வந்தாள். ஹெயிட்டிக்காரி, மொன்ட்ரியால்-நோரில் வளர்ந்தவள். படிக்கிற காலத்தில் என் மச்சானின் மூலைக்கடையில் வேலை செய்தாள். அங்கே எல்லாரும் என்னை அண்ணை என்று கூப்பிட, அதுதான் என் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். பிரெஞ்சில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு அண்ணை வந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது தன் தகப்பனைப் பற்றிப் படம் எடுக்கிறாள். கைப்பையிலிருந்து ஒரு நாடாவை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தாள்.

“அப்பா ஊரில் நடந்ததை எங்களுக்குச் சொன்னதேயில்லை, அண்ணை. ஒரேயொருக்கா சித்தப்பா கமெராவுக்கு முன்னால் இருத்தி வைத்துக் கேட்டிருக்கிறார். எனக்கு அப்ப அஞ்சு வயது. இப்ப ரெண்டு பேரும் இல்லை. அப்பாவின்ர குரல் இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு. நான் இன்னும் கேட்கயில்லை, அண்ணை.”

நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. “ஒருக்காத்தான் ஓடும், பிள்ளை” என்றேன், பெரிய வைத்தியர் மாதிரி. பொத்தானை அமத்திவிட்டு வழக்கம்போல மேலே தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது டெக் எதையோ சப்புகிற சத்தம். படம் முழுவதும் ஏறியிருந்தது. நாடாவோ ஓடிய வழியெல்லாம் மண்ணிறப் பொடியாக உரிந்து கிடந்தது. சரி, தப்பினோம் என்று கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். சமையலறைக் கதிரையில் ஒரு மனிதர். வாய் அசைகிறது. ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பிறகு டெக்கின் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

சிவப்பும் வெள்ளையும் தொங்கிக்கொண்டிருந்தன.

பொடி உதிர்ந்த நாடாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு நிபுணர்களிடம் போனேன். இரண்டு பேரும் ஏலாதென்று தலையாட்டின விதம் ஒன்றுதான்.

அவள் கேட்டு எழுதும்போதெல்லாம் “கொஞ்சம் துப்புரவாக்கவேண்டிக் கிடக்கு” என்று மறுமொழி போட்டேன். என் மனிசி விடவில்லை.

“சொல்லிப்போட்டியளோ?”

“பேந்து சொல்லுறன்.”

“பேந்து பேந்தெண்டு அந்தப் பிள்ளையின்ர படமே முடிஞ்சிடும். ரெண்டு ரோசாப்பூவை விழுத்தி அனுப்பிவிடுங்கோவன், உங்களுக்குத் தெரிஞ்ச வேலை அதுதானே.”

நான் அந்த மனிதரைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தொடங்கினேன். உதட்டைப் பார்த்து ஏதாவது பிடிக்கலாம் என்று நப்பாசை. எனக்கு அவர்களின் கிரியோல் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, அவருக்கோ மேலுதட்டை மூடின மீசை. முதலில் சிரிக்கிறார். கோப்பி ஆறுகிறது, தொடுவதில்லை. பிறகு மூன்று விரல் காட்டுகிறார். அந்த விரல்களை எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் இரவில் ஆள் பிடிக்க வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்படித்தான் காட்டுவார்கள், வாய் சொல்லாது. பிறகு கதவைப் பார்க்கிறார். ஒருமுறை எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு வந்து இருக்கிறார். யன்னலுக்கு வெளியே மொன்ட்ரியால் பனியைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்தும் மூடுகிறார்.

அதற்குப் பிறகு என் அறையின் சின்ன யன்னலால் ஆரோ ஒருவரின் சப்பாத்துக்கால் நடந்து போனாலே கை மௌஸை விட்டுவிடும். ஒருநாள் நானும் சீலையை இழுத்துவிட்டேன். தபால்காரன்.

புரட்டாதியில் கறுப்பின மக்களின் படங்களைக் காட்டும் விழாவுக்கு அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள், மத்தியானக் காட்சிக்கு. இந்த நாட்டின் கிழக்குக் கரையில் இடித்துத் தள்ளின ஒரு கறுப்பினக் குடியிருப்பைப் பற்றி ஒரு படம். அடுத்தது பிரேசிலில் ஒரு சலூன். ஒருத்தி தலை பின்னிக்கொண்டே, தன் பூட்டி அடிமையாக விற்கப்பட்ட கதையைச் சொல்கிறாள். கமெரா அசையவில்லை, பாட்டு இல்லை. குரலும் சீப்பும்தான். நானென்றால் மூன்றாவது நிமிடத்தில் இதயத்தை விரித்திருப்பேன். பக்கத்தில் பார்த்தேன். இவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ர படத்திலயும் அப்பா இப்பிடித்தான்” என்றாள் மெதுவாக. “ஒரு சொல்லும் வெட்டாமல் விடப்போறன், அண்ணை.”



லைற் போட்டதும் சொன்னேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, தேத்தண்ணி, ஒன்றும் விடாமல். சனம் எங்கள் முழங்காலைத் தாண்டித் தாண்டி வெளியே போனது.

“முழுக்கவா?”

“முழுக்க.”

அவள் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்பா என்ன செய்யிறார், அதில?”

“எழும்பிப் போய் யன்னலை மூடுறார்.”

அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என்னால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. “வேணுமெண்டால்,” என்றேன், “அடியில மெல்லிசாய் ஒரு புல்லாங்குழல்...”

“பாட்டுப் போடாமல் அனுப்புங்கோ.”