நான்காம் எண் வால்வும் ஒரு விக்கிப் பக்கமும்

துபாயில் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே எந்தக் காகிதமும் என் முத்திரை இல்லாமல் பிறந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை. ஏணி வாங்க ஒரு படிவம், ஏணியில் ஏற ஒரு படிவம், ஏணியிலிருந்து விழுந்தால் ஒரு படிவம். மூன்றையும் எழுதியவன் நானே. மூன்றாவது படிவம்தான் மற்ற இரண்டையும்விட நன்றாக அமைந்தது.

என் நாற்காலிக்குப் பின்னால் நடைமுறைக் கையேடு பதினொரு தொகுதிகளாக நின்றது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எந்தப் பம்பை எப்போது போடுவது, எந்த வால்வை எந்த வரிசையில் திறப்பது என்று எல்லாம் அதில் இருந்தது. தணிக்கைக்கு வருகிறவர்கள் அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு போவார்கள். கட்டடங்களில் வேலை செய்தவர்கள் அதைத் திறந்ததே இல்லை. அவர்களுடைய கையேடு தலைக்குள் இருந்தது. மிச்சம் வாட்ஸ்அப் குரல் செய்திகளில் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆள் லீவில் ஊருக்குப் போவான். அவனோடு அந்தக் கட்டடமும் விமானம் ஏறிவிடும். மாற்றாக வருகிறவன் முதல் வாரம் முழுக்க எந்த சுவிட்ச் எதற்கு என்று தேடிக்கொண்டிருப்பான். போகிறவனிடம் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல மாட்டான். வஞ்சம் ஒன்றும் இல்லை. தனக்கு மட்டும் தெரிந்த நாலு விஷயம் இருக்கும் வரைக்கும்தான் தன் விசா புதுப்பிக்கப்படும் என்பது தொழிலாளர்கள் அறைக்குப் பலராகத் தங்கும் கேம்பில் எல்லோரும் நம்பிய கணக்கு. அந்தக் கணக்கை முழுக்கத் தப்பு என்றும் என்னால் சொல்ல முடியாது.

எங்கள் கணினிப் பிரிவில் திருச்சியைச் சேர்ந்த ஒரு பெண்மணி இருந்தார். துபாயின் கராமா பகுதியில் கணவர், இரண்டு குழந்தைகளோடு குடியிருந்தார். ஒருநாள் அவர் தன் மேசைக்கடியில் கிடந்த ஒரு பழைய கணினியைத் துடைத்து, அதில் விக்கி என்ற மென்பொருளை ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். கம்பெனியில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதில் ஒரு பக்கம் தொடங்கலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், கட்டடத்தின் பெயரைத் தட்டித் தேடலாம். செல்பேசியிலேயே திறக்கும்.

"இதுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் எங்கம்மா?" என்றேன்.

"ஆர்டரே வேண்டாம் சார். ஓப்பன் சோர்ஸ். யார் வேணும்னாலும் எறக்கிக்கலாம். அந்த புரோகிராமுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னுகூடப் பாத்துக்கலாம்."

"கெட்டுப்போனா யார் பொறுப்பு?"

"உலகம் பூரா ஆளுங்க சேந்து பாத்துக்கறாங்க சார்."

"அப்படின்னா யாருமே பொறுப்பில்லைன்னு அர்த்தம்."

"நம்ம மேனுவலுக்கு நீங்க ஒருத்தரே பொறுப்பு. அதை எத்தனை பேர் படிச்சிருக்காங்க சார்?"

அதைக் கணக்கெடுக்க ஒரு படிவம் போடலாம் என்று சொல்லிவிட்டு என் அறைக்குத் திரும்பினேன்.

என்னை அசைத்தது வேறொன்று. விக்கிப் பக்கத்தை அச்சடித்தால் தமிழ் எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் விழுந்தன. அந்த அம்மா இணையத்தில் அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் கூடும் இடத்தில் இதை எழுதிப் போட்டார். எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒருவர், தமிழில் ஒரு எழுத்துகூட அறியாதவர், படம் அனுப்பச் சொல்லிக் கேட்டு அதே வாரத்தில் சரிசெய்துவிட்டார். ஒரு பைசா கேட்கவில்லை. நாங்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த இன்னொரு மென்பொருளில் கம்பெனி முகவரியை மாற்றித் தரச் சொல்லி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. விற்றவர்கள் ஒவ்வொரு மாதமும் மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார்கள்.

ஆகவே என் பதினொரு தொகுதிகளையும் விக்கியில் ஏற்ற ஒப்புக்கொண்டேன். யார் எந்தப் பக்கத்தை மாற்றினாலும் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். காலையில் டீயோடு உட்கார்ந்து, முந்தைய நாள் மாற்றங்களைப் பார்த்து ஒழுங்குபடுத்துவேன். திருத்தத்தைச் சேமிக்கும் முன் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். எல்லோரும் அதைக் காலியாகவே விடுவார்கள். நான் ஒருவன்தான் ஒவ்வொரு முறையும் நிரப்பினேன். கட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பத்தானே வேண்டும்.

கராமாவில் எங்களிடம் ஒரு பழைய கட்டடம் இருந்தது. அதைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவர் சிவகங்கைப் பக்கத்து டெக்னீஷியன். நாற்பத்தெட்டு வயது. அவர் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போனார். போன பிறகு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் நாள் வந்தது. மாற்று ஆள் செல்பேசியில் விக்கிப் பக்கத்தைத் திறந்து, அதில் சொல்லியிருந்தபடி நான்காம் எண் வால்வைத் திறந்தார். தொட்டித் தண்ணீர் முழுவதும் வடிகாலுக்குப் போவதற்குப் பதிலாக லிஃப்ட் குழிக்குள் இறங்கியது. நான்காம் எண் குழாயை எப்போதோ ஒரு மராமத்தில் பாதியில் வெட்டி விட்டிருந்தார்கள். அது யாருக்கும் தெரியாது, சிவகங்கைக்காரரைத் தவிர. இரண்டு லிஃப்ட்டும் நின்றன. ஏழாவது மாடிக்கு சிலிண்டர் தூக்கிப் போனவர்கள் வழியெல்லாம் எங்களை வாழ்த்தியிருப்பார்கள்.

கட்டட உரிமையாளர் தரப்பு பொறுப்பானவரை நீக்கச் சொன்னது. மாற்று ஆள் விக்கிப் பக்கத்தில் எழுதியிருந்தபடி செய்தார், அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. மிஞ்சியது சிவகங்கைக்காரர். லீவில் போகுமுன் அவர் ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். 'இக்கட்டடம் குறித்து நான் அறிந்த அனைத்தையும் தெரிவித்துவிட்டேன்' என்பது அதன் வாசகம். வாசகம் என்னுடையது. எங்கள் மேலாளர் ஜோர்டான்காரர், கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். விசாவைக் கேன்சல் செய்யும் கடிதத்தைத் தயாராக வைக்கச் சொன்னார். அந்த வயதில் கேன்சல் ஆகிப் போகிறவரை வேறு எந்தக் கம்பெனியும் திரும்ப அழைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லீவு முடிந்து வந்த மறுநாள் அவரை என் அறைக்கு வரச் சொன்னேன்.

"நாலாம் வால்வப் பத்தி எழுதிட்டுத்தான் சார் போனேன்" என்றார்.

"விக்கிப் பக்கத்துல அப்படி ஒண்ணும் இல்லையே."

"சத்தியமா எழுதுனேன் சார். ரூம்ல எல்லாரும் சிரிச்சாய்ங்க. 'எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போறியே, திரும்பி வர்றப்ப ஒன் கட்டில்ல வேற ஆளு படுத்திருப்பான் பாரு'ன்னு. அப்பவும் எழுதுனேன்."

"எழுதினா இருக்கணுமில்ல?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

நேராகக் கணினிப் பிரிவுக்குப் போனேன். "இவர் எழுதினதா சாதிக்கிறார். இல்லைன்னு நிரூபிக்க ஏதாவது வழி இருக்காம்மா?"

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பக்கத்துக்கு மேல 'வரலாறு'ன்னு ஒரு பட்டன் இருக்கு சார். அதை அழுத்துங்க. நான் போய் டீ எடுத்துட்டு வரேன்."

என்னை அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு முன்பே தெரியுமா என்று நான் பிறகும் கேட்கவில்லை.

அழுத்தினேன். அந்தப் பக்கம் பிறந்த நாள்தொட்டு யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது வரிசையாக நின்றது. லீவுக்கு நான்கு நாள் முன்பு, சிவகங்கைக்காரர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். 'நம்பர் ஃபோர் வால்வ் நோ ஓப்பன். ஓல்ட் பைப். வாட்டர் கோயிங் லிஃப்ட். ஓப்பன் நம்பர் சிக்ஸ் ஒன்லி.' மறுநாள் காலை அந்த வரி நீக்கப்பட்டிருந்தது. நீக்கிய வரியைச் சிவப்புப் பின்னணியில் காட்டி, பக்கத்தில் நீக்கியவர் பெயரையும் போட்டிருந்தது. என் பெயர். காரணக் கட்டத்தில் ஒழுங்காக நிரப்பியிருந்தது: 'அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லை. நீக்கப்பட்டது.' காலை டீயோடு நான் நீக்கிய எத்தனையோ வரிகளில் ஒன்று, எனக்கு நினைவிலேயே இல்லை.

எனக்கு ஓய்வுக்கு மூன்று வாரம் இருந்தது. வேறு யாரும் இதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததாகச் சொல்லவில்லை. அந்த வரலாற்றை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் காகித உலகத்தில் இது கால் மணி நேர வேலை. பழைய தாளை உருவி, புதிய தாளைச் செருகி, முன்பக்கத்துத் திருத்தப் பட்டியலை நானே நிரப்பிவிடலாம். இங்கே எனக்கு அப்படி எந்தப் பொத்தானும் தரப்படவில்லை. டெக்னீஷியனின் எழுத்தையும் ஆவணப் பொறுப்பாளரின் எழுத்தையும் ஒரே அளவில், ஒரே மரியாதையோடு அது வைத்திருந்தது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அதன் மேல் ஒரு மதிப்பு வந்தது. கோபப்பட வேறு ஆள் இருந்தான், அது நான்தான்.

அந்த அம்மா இரண்டு டீயோடு வந்தார். "கண்டுபிடிச்சீங்களா சார்?"

"கண்டுபிடிச்சேன்."

"பொய் சொல்றாரா?"

"இல்லம்மா."

டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை விசாரணை. மேலாளர் ஒரு பக்கம், சிவகங்கைக்காரர் தேய்த்த யூனிஃபார்மில் எதிர்ப்பக்கம். கேன்சல் கடிதம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. நான் அந்த வரலாற்றுப் பக்கத்தைச் சுவர்த் திரையில் போட்டேன். மேலாளர் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"நான்தான்."

"ஏன்?"

"வரைபடத்தில் அப்படி இல்லை."

"ஹபீபி, தண்ணிக்கு வரைபடம் படிக்கத் தெரியாது" என்றார்.

சிவகங்கைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வரியைச் சிவப்பில் பார்த்ததும் முகம் இறுகியது. பிறகு என்னிடம் தமிழில் சொன்னார். "இங்கிலீஷு தப்பா இருந்தா இங்கிலீஷ மட்டும் திருத்தியிருக்கலாம்ல சார்? வால்வையும் சேத்துல்ல திருத்திப்புட்டிய."

"என்ன சொல்கிறார்?" என்றார் மேலாளர்.

மொழிபெயர்க்கும்போது வழக்கமாகக் கொஞ்சம் மெழுகு பூசுவேன். அன்று பூசவில்லை. மேலாளர் சத்தமாகச் சிரித்தார். சிவகங்கைக்காரர் சிரிக்கவில்லை. மேலாளர் அந்தக் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "கலாஸ், முடிஞ்சது. நீங்க பில்டிங்குக்குப் போங்க" என்று அவருக்குச் சைகை காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். உரிமையாளர் தரப்புக்குத் தவறு யாருடையது என்று பெயரோடு ஒரு கடிதம், எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். இரண்டையும் நானே தயாரித்தேன். எச்சரிக்கைக் கடிதத்தின் சரியான வடிவம் அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நன்றாகவே வந்தது.

நீக்கிய வரியைத் திரும்பக் கொண்டுவர ஒரே ஒரு அழுத்தல் போதுமாக இருந்தது. அன்று மதியம் அதைச் செய்துவிட்டுச் சிவகங்கைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"போட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

பின்னால் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. "சரி சார். லிஃப்ட் குழியில இன்னும் ஈரம் இருக்கு. அந்த வேலையப் பாக்குறேன்" என்று வைத்துவிட்டார். மன்னித்தாரா என்று தெரியாது. அதற்கு எந்த நடைமுறையும் கிடையாது.

நான் எதிர்பார்க்காதது அதற்கப்புறம் நடந்தது. இந்தச் சேதி அன்றைக்கே எல்லா ரூமுக்கும் போய்விட்டது. எழுதினவன் கெட்டான் என்று நினைத்திருந்தவர்கள், எழுதினதால்தான் அவன் தப்பித்தான் என்று கண்டுகொண்டார்கள். தலைக்குள் வைத்திருந்ததை யாரும் சாட்சிக்கு அழைக்க முடியாது, பக்கத்தில் எழுதினால் தேதியோடு தன் பெயர் நிற்கும், மேலே இருப்பவன் அழித்தாலும் நிற்கும். அவரைப் பார்த்துச் சிரித்த ரூம்காரர் ஒருவர்தான் முதலில் ஆரம்பித்தார். எந்தக் கட்டடத்தில் எந்த மீட்டர் பொய் சொல்லும், எந்தக் கதவைத் தோளால் இடித்தால்தான் திறக்கும், எந்த வாட்ச்மேனிடம் மாடிச் சாவி கேட்கப் போகுமுன் தொழுகை நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வரத் தொடங்கின. தமிழில், இந்தியில், மலையாளத்தில், மூன்றும் கலந்த ஒரு மொழியில்.

என் கடைசி இரண்டு வாரமும் மின்னஞ்சல் நிற்கவே இல்லை. வேலையை ஒப்படைக்க வேண்டிய நான் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடங்களைப் பற்றிப் பதினொரு தொகுதி எழுதியவனுக்கு அவற்றில் பாதி புதிய செய்தி. சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தாமல் விட்டுவிட்டேன்.