மெஷின் மேல் போட்ட பழி

பிறந்து ஒன்பது நாளான அந்தக் குழந்தை பால் குடித்துத் தூங்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அசைந்தால் எம்ஆர் ஸ்கேன் கெட்டுவிடும். கண் மூடியதும் அவசர அவசரமாக, மூளை தன் சக்தியை எப்படிச் செலவழிக்கிறது என்று அளக்கத் தொடங்கினேன். திரையில் ஓடிய கோட்டில், லக்டேட் என்ற அமிலம் தெரியும் இடத்தில் பெரிய முகடு. மூளைக்கு ஒட்சிசன் போதவில்லை என்று அர்த்தம்.

“மூளையில கொஞ்சம் பிரச்சினை போல இருக்கு,” என்று தாயிடம் சொல்லிவிட்டேன். அவர் அழுதபடி துறைமுகத்தில் வேலை செய்யும் கணவருக்குப் போன் எடுத்தார்.

பிறகுதான் கவனித்தேன். அளக்கும் இடத்தைக் குறிக்கும் சதுரத்தை மண்டையோட்டை ஒட்டி வைத்திருந்தேன். தலைத்தோலின் கொழுப்பும் திரையில் லக்டேட்டின் அதே இடத்தில்தான் முகடு காட்டும். சதுரத்தை உள்ளே தள்ளி மறுபடி அளந்தேன். முகடு இல்லை.

“பிள்ளைக்கு ஒண்டுமில்லை அம்மா. மெஷின் பிழையாக் காட்டிப்போட்டுது.”

துறைமுகத்திலிருந்து வியர்க்க வியர்க்க ஓடிவந்த கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரிய உபகாரம் டொக்டர். அந்த மெஷின ஒருக்காத் திருத்தச் சொல்லுங்கோ. மற்றப் பிள்ளைகளும் வரும்தானே.”

“ஓம், சொல்லுறன்,” என்றேன்.

இன்றும் ஒவ்வொரு ஸ்கேனிலும் அந்தச் சதுரத்தை இரண்டு மூன்று முறை பார்க்கிறேன். மெஷினில் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை.